நாலாம் நம்பர் பாட்டிலின் வயது

என் அத்தானைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத் தகுதியே இல்லாத ஆள் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். இருந்தாலும் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. தொழிற்சாலையில் அவர் பேச்சை எடுத்தாலே இப்போது சிரிக்கிறார்கள். வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதே இல்லை. அதனால் எரிச்சலோடாவது நானே சொல்லித் தொலைக்கிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். இருபத்தேழு வருடம் ஒரே தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். நான் அதே இடத்தில் ஸ்டோர் கீப்பர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பாட்டில்காரர்’ என்பார்கள். அந்தப் பட்டப்பெயரால் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தடவை வாடகை வீடு பார்க்கப் போனபோது, கூட வந்த எங்கள் ஆள் ஒருவன் “நம்ம பாட்டில்காரருக்குத்தாம்மா வீடு” என்று சொல்லிவைக்க, வீட்டுக்காரம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். மனுஷர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை.

அவருடைய பாட்டில் வேறு. எங்கள் தொழிற்சாலையில் அலுமினியத்தை உருக்கி இரும்பு அச்சுக்குள் அடித்து வண்டிகளுக்கான பாகங்கள் செய்கிறோம். மொத்தம் நாலு மெஷின். உருகிய அலுமினியம் ஆறுவதற்குள், கண் இமைப்பதற்குள், அச்சு நிறைந்தாக வேண்டும். அந்த வேகத்தை வெறும் பம்பால் கொடுக்க முடியாது. அதற்காக ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் ஆள் உயரத்தில் ஒரு கனத்த இரும்பு உருளை நிற்கும். ஹைட்ராலிக் அக்குமுலேட்டர் என்பது புத்தகப் பெயர், பாட்டில் என்பது எங்கள் பெயர். உள்ளே ஒரு ரப்பர் பை, பை நிறைய நைட்ரஜன் வாயு. பம்ப் எண்ணெயைத் தள்ளத் தள்ள அந்தப் பை நசுங்கி, கோபத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வால்வு திறந்ததும் மொத்தக் கோபத்தையும் ஒரே மூச்சில் எண்ணெய் மேல் காட்டும். அதை ஒரு ஷாட் என்போம். நிமிடத்துக்கு ஒரு ஷாட். எண்ணெயை இறக்கிவிடாத வரைக்கும், மெஷினை அணைத்தாலும் அந்தக் கோபம் உள்ளேயேதான் இருக்கும். இது தெரியாமல் பாட்டிலைக் கழற்றப் போன ஒருவனின் கதையைப் புதிதாக வேலைக்கு வருகிற எல்லாருக்கும் அத்தான் சொல்வார். முடிவில், “இப்போ அவனுக்கு எத்தன விரல் இருக்கும், சொல்லு?” என்று கேட்பார். கேட்டவர்கள் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை காலை அவருடைய நேரம். ஞாயிறு முழுக்க மெஷின்கள் நின்று எல்லாம் குளிர்ந்திருக்கும். ஷிஃப்ட் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே வந்துவிடுவார். எண்ணெயைத் தொட்டிக்கு இறக்கி, அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பார். பிறகு பாட்டிலின் உச்சியிலுள்ள மூடியைக் கழற்றி, கேஜை மாட்டி, பைக்குள் வாயு எவ்வளவு இருக்கிறது என்று படிப்பார். குறைந்திருந்தால் நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து பொறுமையாக ஏற்றுவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் போதாதா என்று சூப்பர்வைசர்கள் கேட்பார்கள். “சூட்டுல வாயு வீங்கிக்கிட்டு நிக்கும்யா. ஜுரக்காரன் கன்னம் செவந்திருக்குன்னு ஆரோக்கியம்னு சொல்லுவியா நீ?” என்பார்.

ஒருமுறை நைட்ரஜன் தீர்ந்துபோயிருந்த சமயம் வெல்டர் ஒருவன், ஏதோ ஒரு வாயுதானே என்று ஆக்சிஜன் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். எண்ணெய்க்குப் பக்கத்தில் ஆக்சிஜன்! அழுத்தத்தில் இரண்டும் சேர்ந்தாலே வெடிக்கும். அத்தான் விட்ட அறையில் அவனுடைய ஹெல்மெட் இரண்டு மெஷின் தாண்டி உருண்டது. அப்புறம் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஏன் அடித்தேன் என்று அரைமணி நேரம் விளக்கினார். “அடி கூட வலிக்கலண்ணே, அந்த வெளக்கம்தான் தாங்கல” என்று அவன் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான்.

ரப்பர் பையின் ஆயுள் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. மூன்று, மூன்றேகால் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவார். கழற்றிய பழைய பையைத் தரையில் விரித்துத் தடவிப் பார்ப்பார். மேல்பக்கம் சிராய்த்திருந்தால் வாயு குறைவாக ஓடியிருக்கிறது. அடிப்பக்கம் கடிபட்டிருந்தால் வாயு அதிகம். பக்கவாட்டில் மடிப்புத் தழும்பு இருந்தால் யாரோ அவசரப்பட்டு ஏற்றியிருக்கிறார்கள். ‘யாரோ’ என்னும்போது என்னைப் பார்ப்பார். அவருக்கு உடம்பு சரியில்லாதபோது ஒரே ஒரு நாள் நான் வாயு ஏற்றினேன். அதற்கு ஆயுசு முழுக்கக் குத்தல்.

புதுப் பை போட்டு முடித்ததும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாட்டிலின் உடம்பைத் தேய்த்துத் துடைத்து, தலை முதல் கால்வரை நீல பெயின்ட் அடிப்பார். காய்ந்ததும் அதன்மேல் வெள்ளையில் மாதமும் வருடமும் கொட்டை கொட்டையாக எழுதுவார். அச்சடித்த மாதிரி இருக்கும். வருடா வருடம் பாதுகாப்புச் சோதனைக்கு வருகிறவர்களும் அந்த வருடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டு, “உங்க கம்பெனியில இந்த ஒரு எடம்தாங்க சுத்தம்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தானுக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவாது.

அவருக்கு ஒரே மகள். இருபத்துமூன்று வயதாகியும் வீட்டில் இன்னும் ‘பாப்பா’தான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தாள். அவளை ஏதாவது ஓர் ஆபீசில், மின்விசிறிக்கு அடியில் உட்கார வைக்க என் அக்காவுக்கு ஆசை. தொழிற்சாலைதான் என்று அத்தான் பிடித்த பிடியில் நின்றார்.

“பொம்பளப் புள்ளயக் கொண்டுபோய் அந்த நெருப்புல நிறுத்தப் போறீங்களா?” என்று அக்கா சண்டைக்குப் போனாள்.

“நெருப்புக்குக் கண்ணாடி இருக்கு, கையுறை இருக்கு. மிச்சத்துக்கு நான் இருக்கேன். நாலாம் நம்பர்ல போடச் சொல்றேன் பாரு. என் பாட்டில்லயே அதுதான் தங்கம். ஒரு முனகல் கிடையாது.”

சொன்னபடியே நாலாம் நம்பரில் போட வைத்தார். அவள் நிற்கிற கன்ட்ரோல் பேனலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் மூன்று எட்டு இருந்தால் அதிகம். ஒன்றரை வருடத்தில் அந்த மெஷினுக்கு அவள்தான் முதல் ஆபரேட்டர். அத்தான் அந்தப் பக்கம் போகும்போது மட்டும் நடை மாறும், நெஞ்சு ஓர் அங்குலம் முன்னால் வரும். நாங்கள் எல்லாரும் கிண்டல் செய்வோம். அதெல்லாம் நல்ல காலம்.

போன வருடம் நாலாம் நம்பருக்குப் பை மாற்றும் தவணை வந்தது. பழைய ஆர்டர் தாளைப் பார்த்து அதே எண்ணை எழுதி அனுப்புவது என் வழக்கம். பை வந்துவிடும். இந்தத் தடவை விற்கிற இடத்தில் ஆள் மாறியிருந்தது. போனில் ஒரு பெண், “சார், பாட்டில் பிளேட்ல இருக்கிற நம்பரும், தயாரிச்ச வருஷமும் வேணும்” என்றாள்.

“இத்தன வருஷமா வாங்கறோமே, அதெல்லாம் கேட்டதில்லையேம்மா.”

“அதனாலதான் சார் கேக்கறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. அத்தானிடம் போய்ச் சொன்னேன். “பிளேட்டா?” என்று தலையைச் சொறிந்தார். அது எங்கே இருந்தது என்பதே அவருக்கு மறந்திருந்தது. டீ இடைவேளையில் சுரண்டியும் பெயின்ட் கரைக்கிற தின்னரும் எடுத்துக்கொண்டு வந்தார். பாட்டிலின் தோளுக்குக் கீழே தொட்டால் மட்டும் தெரிகிற ஒரு சின்ன மேடு. சுரண்டினார். நீலம். அதற்கடியில் இன்னொரு நீலம். அதற்கும் அடியில் கொஞ்சம் வெளிறிய நீலம். ஐந்து அடுக்கு, ஐந்தும் அவர் கையால் அடித்தது. கடைசியில் பித்தளை தெரிந்தது. துணியால் துடைத்துவிட்டு நகர்ந்தார். நான் குனிந்து படித்தேன். எண், அழுத்தம், தயாரித்த வருடம். கீழே ஒரு வரி: அனுமதிக்கப்பட்ட ஷாட், இருபது லட்சம்.

விரல்விட்டு எண்ணினேன். பத்தொன்பது வருடம்.

“மேல மூணு வருஷம் முன்னாடி தேதின்னுல்ல அத்தான் எழுதியிருக்கு?”

“அது பையோட வயசு மாப்ள.”

“அப்போ பாட்டிலோடது?”

சுரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

இரும்புக்கும் ஆயுள் உண்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அந்த உருளை மயிரிழை அளவு வீங்கி மயிரிழை அளவு சுருங்குகிறது. கம்பியை வளைத்து நிமிர்த்தி வளைத்து நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஒடிகிறதல்லவா, அதேதான். ரப்பர் பையை எத்தனை தடவை மாற்றினாலும் இரும்பின் கணக்கு நிற்காது. இது அத்தானுக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பையை மாற்றி, பெயின்ட் அடித்து, புது வருடத்தை எழுதி எழுதி, அந்த வருடத்தையே அவரும் நம்பத் தொடங்கிவிட்டார். அவர் எழுதியதை மற்றவர்கள் நம்பினார்கள். மற்றவர்கள் நம்புவதைப் பார்த்து அவர் இன்னும் கெட்டியாக நம்பினார். சோம்பேறி ஒருவன் அந்த இடத்தில் இருந்திருந்தால் பாட்டில் துருப்பிடித்து, அழுக்கேறி, பார்த்தவுடன் கிழடு என்று தெரிந்திருக்கும். எங்கள் தலையெழுத்து, சுத்தக்காரர் கையில் மாட்டிக்கொண்டது.

ஸ்டோரில் உட்கார்ந்து என் கால்குலேட்டரில் தட்டினார். நாளுக்குத் தொள்ளாயிரம் ஷாட். வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் லட்சம். இருபது லட்சம் எட்டாவது வருடத்திலேயே முடிந்திருந்தது. பாப்பா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது ஐம்பது லட்சத்தைத் தாண்டியாயிற்று. மற்ற மூன்று பாட்டில்களையும் அன்றே சுரண்டிப் பார்த்தார். அவை பின்னால் வந்தவை, ஐந்தாறு வருடம்தான். கிழடு ஒன்றே ஒன்று. அதன் பக்கத்தில்தான் மகளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

“சட்டைய மாத்திட்டு வயசு கொறஞ்சுடுச்சுன்னு இருந்திருக்கேன் மாப்ள. ஒரு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம் இல்ல” என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

உடனே மேனேஜரிடம் போனோம். மேனேஜருக்கு எங்களுக்குள் ‘சரிதான் சார்’ என்று பெயர். எதைச் சொன்னாலும் “அதெல்லாம் சரிதான்” என்று ஆரம்பிப்பார். அடுத்த வார்த்தை ‘ஆனா’.

அத்தான் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். பாட்டிலைக் கழற்றிவிட வேண்டும், இன்றைக்கே மெஷினை நிறுத்த வேண்டும் என்றார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

“அதெல்லாம் சரிதான். ஆனா ரெக்கார்டுல மூணு வருஷம்னு இருக்கே?”

“அத எழுதினது நான்தான் சார். தப்பா எழுதிட்டேன்.”

“இருபத்தேழு வருஷ அனுபவம் தப்பா எழுதுமா?”

“எழுதியிருக்கு சார்.”

“சரி, எங்கயாவது விரிசல் இருக்கா? கசிவு இருக்கா?”

“விரிசல் விட்டப்புறம் வந்து சொல்ல நான் எதுக்கு சார்? அதுவே சொல்லிடும், ஊருக்கே கேக்கும்.”

மேனேஜர் சிரித்தார். “பதினோரு வருஷம் கூடுதலா ஓடியிருக்குன்னா என்ன அர்த்தம்? கெட்டியான சாமான்னு அர்த்தம். இந்த ஆர்டர் முடிய ஏழு மாசம். அப்புறம் கழட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். இப்போ எங்கிட்ட மாத்து பாட்டிலும் இல்ல, நிறுத்த நேரமும் இல்ல.”

ஏழு மாதம் என்றால் இன்னும் ஒன்றரை லட்சம் ஷாட். அத்தான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த வார்த்தையை விட்டார்.

“அப்போ பாப்பாவையாவது வேற மெஷினுக்கு மாத்துங்க சார்.”

“ஓ, தாராளமா. அவ எடத்துல யார நிறுத்தலாம்? நீங்களே ஒரு பேர் சொல்லுங்க.”

அத்தான் மேசையிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே நடந்தார். குழாயடியில் முகத்தைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். “கேட்டிருக்கக் கூடாது மாப்ள. அசிங்கமாக் கேட்டுட்டேன்” என்றார். உண்மையைச் சொன்னால், மேனேஜர் என்னிடம் கேட்டிருந்தால் என் வாயில் இரண்டு பெயர் தயாராக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் பாப்பாவிடம் வேலையை விட்டுவிடச் சொன்னார். காரணத்தையும் சொன்னார். அவள் பயப்படுவாள் என்று எதிர்பார்த்தோம். கோபப்பட்டாள்.

“பாட்டில்காரர் பொண்ணுன்னு சொல்லித்தாம்ப்பா என்ன அந்த மெஷின்ல நிக்க விட்டாங்க. இப்போ பாட்டில்காரரே பயந்து பொண்ண மட்டும் இழுத்துட்டுப் போனா, மத்தவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

“உசுரோட இருந்தா எப்படி வேணாலும் முழிக்கலாம்.”

“அப்போ எனக்கு அப்புறம் அங்க நிக்கிறவளுக்கு உசுரு கெடையாதா? மாத்துறதுன்னா பாட்டில மாத்து. என்ன மாத்தாத.”

அக்கா அழுதாள், கத்தினாள், தட்டை நகர்த்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள். பாப்பா மறுநாள் காலை எப்போதும்போல் கிளம்பிப் போனாள். அப்பனுக்குப் பிறந்த பிடிவாதம், வேறென்ன.

அதற்கப்புறம் மூன்று வாரம் அத்தான் வேறு வேலையே பார்க்கவில்லை. அவள் ஷிஃப்ட் முழுக்க நாலாம் நம்பர் பக்கத்திலேயே நின்றார். கையை வைத்துப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், கழுத்துப் பக்கம் டார்ச் அடிப்பார். “பாட்டில்காரருக்கு மரை கழண்டுடுச்சு” என்று பேச்சு கிளம்பியது. அவருக்கும் பாட்டிலுக்கும் நடுவே போய் நிற்க ஒருவரும் இல்லை, பாட்டிலுக்கும் மகளுக்கும் நடுவில் அவர் போய் நின்றார். வெடித்தால் இரண்டு பேரும் போவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில் மேனேஜர் வேறொரு கடையிலிருந்து, பிளேட் எண் எதுவும் கேட்காத கடையிலிருந்து, புதுப் பை ஒன்றை வரவழைத்தார். அத்தானைக் கூப்பிட்டு, “ஞாயித்துக்கிழமை பையை மாத்திடுங்க. வழக்கம்போல பெயின்ட் அடிச்சு தேதி போட்டுடுங்க. சோதனைக்கு வர்றவங்க அடுத்த வாரம் வர்றாங்க” என்றார்.

“பெயின்ட்டா சார்?”

“ஆமா. பிளேட் மேலயும் சேத்து.”

அத்தான் “சரி சார்” என்றார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு சொல்கூட எதிர்த்துப் பேசவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஸ்டோரைத் திறந்து பையைக் கொடுத்தேன். கூடவே கேஸ் கட்டரையும் கேட்டார்.

“அது எதுக்கு அத்தான்?”

“ஒரு கிளாம்ப் ஒட்டிக்கிச்சு, வெட்டணும்.”

அவர் முகத்தைப் பார்த்தவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்காத மாதிரி இருந்துவிட்டேன். பதிவேட்டில் ‘கிளாம்ப் வெட்ட’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். என் தலையைக் காப்பாற்றிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

எண்ணெயை இறக்கினார். வாயுவை விட்டார். சங்கிலி போட்டுப் பாட்டிலைக் கழற்றி, பின்பக்கம் திறந்த வெளிக்குத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு போனார். பையை வெளியே எடுத்தார். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு போகிற மட்டும் மூன்று தடவை கழுவி, இரண்டு வாயையும் திறந்தபடி வெயிலில் காயவைத்தார். வெட்டப்போகிற சாமானுக்குக்கூட இந்த மரியாதை. பிறகு கட்டரைப் பற்றவைத்து, கழுத்திலிருந்து அடிவரைக்கும் நெடுக வெட்டி இரண்டாகப் பிளந்தார். சாயங்காலம் ஆகிவிட்டது. கட்டரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, “வரவு வச்சுக்கோ மாப்ள” என்றார்.

திங்கட்கிழமை காலை மொத்தத் தொழிற்சாலையும் அந்த இரண்டு பாதியைச் சுற்றி நின்றது. எல்லாரும் விரிசலைத் தேடினோம். நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டே தேடினேன், ஒரு கீறலாவது இருக்கட்டும் என்று. இல்லை. உட்புறம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

“அதெல்லாம் சரிதான்” என்றார் மேனேஜர். “ஆனா விரிசல் எங்க?”

அத்தான் குனிந்து கழுத்துப் பக்கம் விரலை ஓட்டினார். “கண்ணுக்குத் தெரியாது சார். சாயம் ஊத்தினா கீறல்ல இறங்கிக் காட்டும். இந்த மரை முடியற எடத்துலதான்…”

“ஒண்ணும் ஊத்த வேணாம். நல்ல பாட்டில வெட்டிட்டு நிக்கிறீங்க.”

யாரோ ஒருவன் பின்னாலிருந்து சிரித்தான். அது பரவியது. அத்தானிடம் அறை வாங்கிய வெல்டரும் அங்கே இருந்தான். அவன் ஒருவன்தான் சிரிக்கவில்லை. அன்று மாலையே பழைய இரும்பு லாரி வந்து இரண்டு பாதியையும் தூக்கிக்கொண்டு போனது. சாயம் ஊற்றியிருந்தால் விரிசல் தெரிந்திருக்குமா, தெரிந்திருக்காதா? இனிமேல் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. அதற்காகத்தான் லாரி அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று நான் நினைக்கிறேன். நினைத்து என்ன பயன்?

கம்பெனிச் சொத்தை வேண்டுமென்றே நாசம் செய்ததாக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கூடவே இன்னொரு குற்றம்: பாட்டிலின் வயதைப் பல வருடமாகப் பொய்யாகப் பதிவு செய்தார். ஆதாரம், அவரே கைப்பட எழுதிக் கொடுத்த தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். இருபத்தேழு வருடத்தில் அவர் பாட்டிலால் ஒருவருக்கு ஒரு கீறல் பட்டதில்லை. அதை எந்தத் தாளிலும் யாரும் எழுதவில்லை.

பாப்பா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்துவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அப்போது நானும் இருந்தேன்.

“என்னக் காப்பாத்தறதுக்காக வெட்டினியாப்பா, இல்ல உன் பேரக் காப்பாத்திக்கவா?”

அவர் வெகுநேரம் யோசித்தார். வேறு எவனாக இருந்தாலும் “உனக்காகத்தாம்மா” என்று சட்டென்று சொல்லித் தப்பித்திருப்பான். “தெரியல பாப்பா” என்றார் இந்த மனுஷர். அவள் எழுந்து போய்விட்டாள்.

ஒன்பது நாள் நாலாம் நம்பர் நின்றது. இதே ‘மாத்து பாட்டில் இல்ல’ என்ற மேனேஜர், பத்தாம் நாள் ஒரு பாட்டிலை வரவழைத்தார். லாரியிலிருந்து இறக்கும்போதே தொட்டுப் பார்த்தேன். பச்சை பெயின்ட் கையில் ஒட்டியது, அவ்வளவு புதிய பெயின்ட். ஆனால் அடியிலுள்ள மரை தேய்ந்திருந்தது. போல்ட் ஓட்டைகள் ஏற்கெனவே ஸ்பானர் பார்த்தவை. பிளேட் இருந்த இடத்தை கிரைண்டர் வைத்து வழித்து எடுத்திருந்தார்கள். எங்கேயோ மூடிப்போன தொழிற்சாலையின் பாட்டில். அதற்கு வயது பத்தா, முப்பதா, அதன் கணக்கில் எத்தனை லட்சம் போயிற்று, கடவுளுக்கே வெளிச்சம். ஸ்டோர் கீப்பராக வரவுச் சீட்டில் நான்தான் எழுத வேண்டும். அதில் ‘தயாரித்த வருடம்’ என்று ஒரு கட்டம் உண்டு.

சீட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். “சார், பிளேட் இல்ல. வருஷம் என்னன்னு போடறது?”

“இந்த வருஷம்னு போடு.”

“சார்…”

“உனக்கும் உங்க அத்தான் மாதிரி வீட்ல உக்காரணுமா?”

போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். பயம்தான், வேறு காரணம் சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை. அவராவது தெரியாமல் எழுதினார். நான் தெரிந்தே எழுதினேன்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், கால் கேட்கவில்லை. அத்தான் வாசல்படியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“புதுசு வந்துடுச்சாமே?”

“வந்துடுச்சு அத்தான்.”

“நாளைக்குப் பாப்பாவ நாலாம் நம்பர்லதான் போட்டிருக்காங்களாம். அவ சொல்லல, அவ அம்மா சொன்னா.” மோட்டாரை ஓரமாகத் தள்ளினார். “பிளேட் பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்ன வருஷம்?”

இங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் எழுந்து நேராகத் தொழிற்சாலைக் கதவுக்குப் போவார், அங்கே அவரைக் கல்லெடுத்து அடிக்காத குறையாக விரட்டுவார்கள். பாப்பா வேலைக்குப் போவாளோ மாட்டாளோ, என் வேலை நிச்சயம் போகும். இதையெல்லாம் யோசிக்க எனக்கு ஒரு நொடிதான் ஆயிற்று.

“இந்த வருஷம்தான் அத்தான்.”

“யாராவது சொன்னாங்களா, நீயே பாத்தியா?”

“நானே பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

அவர் மூச்சை விட்டார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. “போதும் மாப்ள. வேல போனா மயிராப் போச்சு. பாட்டில் மாறிடுச்சுல்ல.” உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “பாப்பா! நாளைக்குத் தைரியமாப் போ. உன் தாய்மாமனே பாத்து எடுத்திருக்கான்.”

பத்து நாளாக அவர் கூப்பிட்டால் திரும்பாதவள் கதவருகே வந்து நின்றாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“நெஜமாவா மாமா? புதுசா?”

“புதுசுதாம்மா.”

அவள் வந்து அப்பா பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். “அப்போ நீ வெட்டினது வீண் போகலப்பா” என்றாள். அவர் எண்ணெய்க் கையால் அவள் தலையைத் தொடத் தயங்கினார், அவளே அந்தக் கையை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டாள். அன்று எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கா எனக்கும் ஒரு தட்டு வைத்தாள், நானும் சாப்பிட்டேன். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் பாப்பாவை என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் நாலாம் நம்பர் இருக்கிற ஷெட் வாசலில் இறக்கிவிட்டேன்.